காருக்குள் மணல் வராத முப்பத்தொரு கோடை

இத்வல் நல்ல மனுஷன்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். பஸ் டிப்போவில் வண்டி கழுவும் ஆட்களுக்கு நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மனைவி மென்னாவைப் பென்ட்ரைத் கடற்கரைக்குக் கூட்டி வருவார். தடுப்புச் சுவரை ஒட்டி, கடலைப் பார்த்துக் காரை நிறுத்துவார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருவரும் முட்டை சாண்ட்விச் தின்று, பிளாஸ்க் டீ குடித்து, அந்த ஊரில் கோடையிலும் விடாத மழையில் வைப்பர் ஓட ஓடக் கடலைப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் நிற்கும் பதினான்கு கார்களிலும் அதேதான் நடக்கும். முப்பத்தொரு கோடையில் காருக்குள் ஒரு பொட்டு மணல் வந்ததில்லை என்று சாவு வீட்டில்கூடப் பெருமை பேசுவார், கேட்டுக்கொள்ளுங்கள்!

மென்னாவுக்கு ஒரே ஆசை. இத்வலோடு சேர்ந்து ஒரு தடவையாவது கடலில் கால் நனைக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம்" என்பார்.

இந்த வருஷம் வெயில் அடித்துத் தொலைத்தது. வரிசையே திகைத்துப்போனது. இரண்டு கார்களில் பழக்கதோஷத்தில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மென்னா செருப்பைக் கழற்றினாள்.

"வர்றியா, இல்லையா?"

"மணல், மென்னா."

"அப்ப நீ காரையே கட்டிக்கிட்டு அழு. நான் போறேன்."

தனியாகப் போய்க் கால் நனைத்துவிட்டு வந்தாள். இத்வல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார்.

"கால்ல மணல் இருக்கு. கழுவிட்டு வா."

"எங்க போய்க் கழுவுறது?"

"எதிர்ல அவ்ளோ பெரிய கடல் கெடக்கு, எங்கன்னு கேக்குற!"

போனாள், கழுவினாள், வந்தாள். கடலுக்கும் காருக்கும் நடுவில் இருப்பது மணல்தான் என்பது நாற்பது வருஷ மேஸ்திரிக்கு உறைக்கவில்லை. "சரியாக் கழுவல," என்று மறுபடி அனுப்பினார்.

பக்கத்துக் காரிலிருந்து எலினெட் எட்டிப் பார்த்தாள். "ஏம்பா இத்வல், அவ என்ன பறந்தா வருவா?"

"இது குடும்ப விஷயம்," என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கடல் வேறு உள்வாங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை மென்னா தண்ணீரைத் தொட்டபோது கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தாள். அதோடு திரும்பவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. ஹாரன் அடித்தார். ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். அவள் முதுகைக்கூட அசைக்கவில்லை. இனி வரவே மாட்டாளோ! கதவைத் திறந்து இறங்கினார், பூட்டினார், பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார், காலுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். பின்னால் பதின்மூன்று கார்களும் ஹாரன் அடித்தன.

முழங்கால் தண்ணீரில் அவள் பக்கத்தில் போய் மூச்சு வாங்க நின்றார்.

"வா மென்னா, வீட்டுக்குப் போலாம்."

"கால்ல மணலோடயா?"

இத்வல் தன் காலைப் பார்த்தார். திரும்பி அந்த நீள மணலைப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. "ஐயையோ, இப்ப எப்படி உள்ள போறது?"

மென்னா கைப்பையிலிருந்து, கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட அலைநேரப் புத்தகத்தை எடுத்தாள். "ஏழரைக்குத் தண்ணி சுவத்துப் படிக்கட்டு வரைக்கும் வரும். தண்ணியோடயே வந்து வெளி மணலை மிதிக்காம ஏறிடலாம்."

"மணி இப்பதான் பன்னெண்டரை! அதுவரைக்கும் இங்க என்ன பண்ண?"

"நில்லு."

நின்றார்கள். ஒரு நண்டு பெருவிரலைக் கடிக்க, இத்வல் கத்தினார், அவள் சிரித்தாள், கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார். ஒன்றரை மணிக்குக் கடல் திரும்ப ஆரம்பித்தது. அது ஓரடி வர, அவர்களும் கை கோத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்கள். அப்படியே கரை வரை வந்தார்கள். இத்வலின் வழுக்கை தக்காளி மாதிரி சிவந்துவிட்டது.

ஏழரைக்குத் தண்ணீர் படியைத் தொட்டது. இருவரும் சுத்தமான காலோடு மேலே ஏறினார்கள். இத்வல் கார்க் கதவைத் திறந்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

"நாளைக்கும் ஏழரைக்குத்தான் தண்ணி வருமா?"

"இல்ல. அம்பது நிமிஷம் தள்ளி."

"அப்ப இன்னும் அம்பது நிமிஷம் கூடக் கெடைக்கும்," என்றார் இத்வல்.