பிசிறில்லாத மூட்டைகள்

முனவர் அக்காவின் கை பட்ட பனியனில் ஒரு நூல் தொங்கியது என்று துணி வாங்கும் எந்த பையரும் சொன்னதில்லை. தையல் முடியும் இடத்தில் வால்போல் நிற்கும் நூலைத்தான் நாங்கள் பிசிறு என்போம். அதைத் துணியோடு ஒட்ட வெட்டிவிடுவார். எங்கள் பனியன் கம்பெனியில் அவர் இருக்கும் லைனுக்கு நான் சூப்பர்வைசர். என்னையே, "இந்தப் பீசு உன் கண்ணுல படலையா சித்ரா?" என்று கேட்கும் வாய் அவருக்கு.

அக்காவுக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர். கடலை ஒட்டி மையவாடி. காய்ச்சலில் போன மகன் தௌபிக்கை அங்கேதான் அடக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா திருப்பூர் வந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டியதிலிருந்து அந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே போகிறது. "முதல்ல தென்னை போச்சு, பிறவு ரோடு போச்சு. இனி எம்புள்ளதான்" என்று ஒருநாள் சொன்னவர் சோற்றைத் தொடவில்லை.

ஊரில் இரண்டு கட்சி. பாறாங்கல் கொட்டு என்றது ஒன்று. கல் கொட்டினால் அடுத்த ஊர்க் கரை போகும், துறைமுக வாயில் தூர்ந்த மணலை வாரி இங்கே நிரப்பு என்றது மற்றது. வாரினால் மீன் போய்விடும் என்று நடுவில் இன்னொரு சத்தம். அக்காவின் தம்பி பக்கீர் முகமது போனில் சொல்வான்: "இவங்க பேசி முடிக்கதுக்குள்ள ஒரு வரிசை கபர் போயிருச்சுக்கா." அடப்பாவிகளா, வாயை மூடிவிட்டு மண்வெட்டியை எடுக்கக் கூடாதா என்று எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் மணல்தான் என்று முடிவானது. மணலை நிரப்பி, முன்னால் மணல் மூட்டைகளை அடுக்குவார்களாம். அந்த மூட்டைகளைத் தைக்கும் ஆர்டர் எங்கள் முதலாளி சிவபிரகாஷுக்கே வந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ சித்ரா, எம்புள்ளைக்கு நானே வேலி கட்டப் போறேன்."

"அழுவாதீங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

முதலாளி வந்து, "மூட்டைதானேன்னு அசால்ட்டா உட்றாதீங்க. எக்ஸ்போர்ட் பினிஷிங் வேணுமுங்க" என்றார். ஒவ்வொரு மூட்டையின் அடித்தையலிலும் நீண்டிருந்த நூலை அக்கா ஒட்ட வெட்டினார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

அது பனியன் தையல் இல்லை. அரிசி மூட்டையில் நுனி நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரியுமே, அதே தையல். நூலை நீளமாக விட்டு முடிச்சுப் போட்டால்தான் நிற்கும். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒரு பிசிறு தொங்கினால் திட்டு வாங்கும் ஊர் இது.

ஐப்பசியில் கடல் ஏறியது. பக்கீர் படம் அனுப்பினான். மூட்டைகள் அடி திறந்து, வெறுந்துணியாக அலையில் கிடந்தன. மையவாடிச் சுவரைக் காணோம். கல் கேட்டவர்கள் "அப்பவே சொன்னோம்" என்றார்களாம். மணல் கேட்டவர்கள், வாரிய மணல் சரியில்லை என்றார்களாம். அக்கா படத்தைப் பெரிதாக்கித் தையலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"தௌபிக் இருந்த இடம்?"

"இல்லக்கா."

"எலும்பாவது..."

"ஒண்ணுமில்லக்கா."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெட்டுனது நாந்தான, சித்ரா?"

"உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்? சொல்ல வேண்டியவங்க சொல்லலீங்களே!" என்று கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை.

இப்போதும் வேலைக்கு வருகிறார். பழையபடி பனியன்தான். ஆனால் எந்தப் பீசிலும் நூலை வெட்டுவதில்லை. நுனியை விரலில் சுற்றி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார். அவரை நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி. "நான் பாத்துக்கறேனுங்க" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர் பார்க்காதபோது அந்த முடிச்சுகளை நான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.