புல்லுக்குத் தண்ணீர் தெளித்தவன்

எங்கள் வீட்டுக்குப் புல் லாரியில் வந்தது. கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் வந்து இறங்குவதுபோலச் சுருள் சுருளாக இறக்கினார்கள். கொலராடோ மலைச்சரிவில் இருக்கிற இந்த வீட்டின் பின்புறம் ஆட்கள் அதை உருட்டி விரித்துக்கொண்டிருந்தபோது, பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு மான் வேடிக்கை பார்த்தது. அவர்கள் சாப்பிடப் போனதும் இறங்கி வந்து ஒரு வாய் கடித்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்ததே ஒரு பார்வை, திரிந்த பாலை விற்றுவிட்ட கடைக்காரனைப் பார்ப்பதுபோல. எனக்கே வெட்கமாகிவிட்டது.

இந்தச் செயற்கைப் புல் மைதானம் என் மகள் கோமதிக்காகப் போட்டது. பதினான்கு வயது, வாலிபால் பைத்தியம். மலையில் சமதரை கிடையாது. கைதவறும் எந்தப் பந்தும் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். சென்ற வசந்தத்தில் அப்படி ஓடிய பந்தின் பின்னால் அவளும் ஓடினாள். சறுக்கி, என் கண்ணெதிரே விளிம்பைத் தாண்டி மறைந்தாள். ஆடித் தபசுக் கூட்டத்தில் கை நழுவிப் போன பிள்ளையைத் தேடுகிற தகப்பன்மாரைச் சங்கரன்கோவிலில் பார்த்திருக்கிறேன். அன்று அந்த முகம் எனக்கு வந்தது. நல்லவேளையாகக் கீழே ஒரு பைன் மரம் அவளைத் தடுத்து நிறுத்தியிருந்தது. மணிக்கட்டு முறிவோடு போயிற்று. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அவள் மாடிப்படி இறங்கினால்கூட நான் பின்னாலேயே போய் நிற்பேன்.

அதன்பின் அவள் பந்தைத் தொடவில்லை. பள்ளி அணிக்கான தேர்வு நெருங்கியும் தொடவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். சமமான தரையும் சுற்றிலும் வேலியும் இருந்தால் பயம் போய்விடும் என்று நம்பித்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

வேலையை நடத்தியவர் டேல் என்கிற உள்ளூர்க்காரர். சரிவை வெட்டித் தாங்குசுவர் கட்டினார்கள். ஜல்லி பரப்பி, மெஷினால் அதிர அதிர இடித்து இறுக்கினார்கள். அதன் மேல் புல்லை விரித்து ஒட்டி, இதழ்களுக்கு நடுவே மணலைத் தூவிப் பெருக்கி, நடுவில் வலையும் கட்டிவிட்டார்கள். பள்ளத்துப் பக்க வேலியை இன்னும் உயர்த்த முடியுமா என்று கேட்டேன். கரடிக்காகவா என்றார் டேல். இல்லை, மகளுக்காக என்றேன். அவர் கோமதியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் உயர்த்திக் கொடுத்தார். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

கிளம்பும்போது டேல், இதற்குத் தண்ணீரே வேண்டாம் என்றார். காபி வேண்டாம் என்கிற விருந்தாளியின் கையில் டம்ளரைத் திணிக்கிற ஊரில் பிறந்தவன் நான். ஒரு தடவை சொன்ன ‘வேண்டாம்’ என் கணக்கில் வராது.

அன்று சாயங்காலம் கோமதியைக் கூட்டிப் போய் மைதானத்தைக் காட்டினேன். விளையாடு, நான் இங்கேயே நிற்கிறேன் என்றேன். அவள் பந்தை எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கீழே வைத்தாள்.

“எனக்குப் பயம் இல்லப்பா. நீங்க இப்படிப் பார்த்துட்டு நின்னா என்னால ஆட முடியல.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தோட்டத்து ஹோஸை எடுத்தேன். சங்கரன்கோவிலில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நாங்கள் வாலிபால் ஆடிய செம்மண் தரையில், ஆடிக் காற்றுப் புழுதியில் எதிர் ஆள் தெரியாது. தோற்ற கட்சி மறுநாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். நானும் அண்ணனும் அநேகமாகத் தோற்ற கட்சி. புழுதி அடங்கி மண் வாசம் கிளம்பும்போது, ஆட்டம் அப்போதே தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும். அதே நினைப்பில் மூலை முடுக்கு விடாமல் தெளித்தேன். வாசம் எதுவும் வரவில்லை.

அது அக்டோபர் மாதம். விடிந்து பார்த்தால் மைதானம் கண்ணாடித் தட்டு மாதிரி பளபளத்தது.

அன்று சனிக்கிழமை. எங்களுக்கு வாடிக்கையான காலை நேரத்தில் அண்ணன் வீடியோவில் வந்தார். சங்கரன்கோவிலில் அப்போது இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். மைதானத்தைக் காட்டுவதற்காக போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், கோமதி வேலிக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். போகாதே, வழுக்கும் என்று கத்திக்கொண்டே ஓடினேன். வழுக்கியது எனக்குத்தான். உட்கார்ந்த நிலையிலேயே வலை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். போன் எனக்கு முன்னால் போய்விட்டது.

“ஏலே, இருவது வருசமா அங்கன இருக்கே. குளிருல தண்ணி ஐஸாவும்னு தெரியாதாலே ஒனக்கு?” போன் தரையில் கிடந்தபடி கேட்டது.

“தெரியும்ணே. ஊர் நெனப்புல தெளிச்சிட்டேன்.”

“நேத்துத் தோத்தது நீதானா அப்போ?”

கோமதி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வசந்தத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அடி எடுத்து வைத்து, மெதுவாக என்னிடம் வந்தாள். முறிந்த கையையே நீட்டினாள். பிடிக்கத் தயங்கினேன்.

“பிடிங்கப்பா, ஒண்ணும் ஆகாது. எந்திரிச்சு அந்தப் பக்கம் நில்லுங்க. வெளிய நின்னு பார்க்கறதுன்னா வேண்டாம்.”

வெயில் ஏறி ஐஸ் உருகும் வரை காத்திருந்தோம். போனை வலைக் கம்பத்தில் கட்டினாள். அண்ணன் தானே நடுவர் என்று அறிவித்துக்கொண்டார். அவள் போட்ட முதல் சர்வீஸை நான் எடுக்கவில்லை. இரண்டாவதையும் எடுக்கவில்லை. அவள் கையைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கிருந்து, பந்தைப் பாருலே என்று சத்தம் போட்ட பிறகுதான் பந்தைப் பார்த்தேன்.

அடுத்து நான் அடித்த பந்து அவளைத் தாண்டிக் கடைசிக் கோட்டருகே விழுந்தது. உள்ளே என்றது சங்கரன்கோவில். வெளியே என்றாள் கோமதி. நம்மூரில் சுண்ணாம்புக் கோடு, பட்ட பந்து வெள்ளையோடு எழும்பும், வழக்கே வராது. இங்கே கோடும் புல்லிலேயே நெய்தது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். கோட்டுக்கு அப்பால் மரநிழலில் உறைபனி இன்னும் கரையவில்லை. பந்து பட்ட தடம் அந்தப் பனியில் பாதி வட்டமாகத் தெரிந்தது; மீதி கோட்டைத் தொட்டதா என்று இந்த ஈரப் பச்சையில் தெரியவில்லை.

“சொல்லுங்கப்பா.”

“சொல்லுலே.”

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நான் கோட்டின் மேலேயே குத்தவைத்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.