ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு என்னுடையது. கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஒப்பந்தம் இது. வார நாட்களில் மனைவி சமைப்பாள். அளவாக எண்ணெய், அளவாக உப்பு, நேரத்துக்குச் சாப்பாடு. ஞாயிறு காலை அவள் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுவாள். காலை டிபனும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகிவிடும்படி, வெயில் ஏறிய பிறகு நான் ஒரு பலகாரம் போடுவேன். அதில் அளவு என்கிற பேச்சுக்கே இடமில்லை.

வெண்பொங்கல் என்றால் கரண்டி போட்ட இடத்தில் நெய் தேங்க வேண்டும். முந்திரி தேடிப் பிடிக்கிற பொருளாக இருக்கக் கூடாது. அடைக்கு வெண்ணெய், வெல்லம், அவியல் மூன்றும் வேண்டும், ஏன் மூன்றும் என்று கேட்பவர்கள் வேறு வீட்டில் சாப்பிடலாம். ரவா தோசையை நான் மற்றவர்களைப் போல அவசரமாகத் திருப்பிப் போடமாட்டேன், ஓரம் தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும் வரை காத்திருப்பேன். மகளும் மாப்பிள்ளையும் பாலவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார்கள். சனிக்கிழமையே போன் வந்துவிடும், "அப்பா, நாளைக்கு என்ன?" என்று. கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்கும் மாதத்தில் மட்டும் மனைவி லேசாக முறைப்பாள், பிறகு இரண்டாவது அடையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

காபியை மட்டும் என் கையில் விடமாட்டாள். டிகாஷன் இறக்குவதும் பால் காய்ச்சுவதும் அவள்தான். அதைக் குடிப்பதிலும் அவளுக்குச் சட்டம் உண்டு. டம்ளர் உதட்டில் படக் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரை மேலே தூக்கி, வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மகள் சின்ன வயதில் டம்ளரில் வாய் வைத்துச் சீப்பிக் குடித்தால் தொடையில் ஒரு கிள்ளு விழும். மாப்பிள்ளைக்குத் தூக்கிக் குடிக்க வராது, சட்டையெல்லாம் கொட்டிக்கொள்வார். அதனால் அவருக்கென்று பூப்போட்ட பீங்கான் கப் ஒன்று வாங்கி, மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனியாக வைத்திருந்தாள். "பாவம், அவாத்துல சொல்லிக் குடுக்கலை" என்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். மாப்பிள்ளை காதில் விழாமல் இருக்குமா? அவர் சிரித்துக்கொண்டே சீப்பிக் குடிப்பார்.

ஒரு ஞாயிறு காபியைத் தூக்கிக் குடித்தவள் இருமத் தொடங்கினாள். புரைக்கேறியது என்று தலையில் தட்டினேன். அடுத்த வாரமும் இருமினாள். அதற்குள் அவள் பேச்சும் ஒரு மாதிரி ஆகியிருந்தது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. பல் டாக்டரிடம் போனோம், காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனோம். கடைசியில் தேனாம்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டர் அவள் நாக்கை நீட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய். சிலருக்குக் கை காலில் ஆரம்பிக்கும், இவளுக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஆரம்பித்திருக்கிறது. குணப்படுத்த மருந்து இல்லை. டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. எனக்கு அன்று அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வீட்டுக்கு வந்தாள். மனைவி தண்ணீர் குடிப்பதைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஆன்ட்டி, தலைய மேல தூக்கவே கூடாது. மூச்சுக் குழாய் தொறந்துக்கும், எல்லாம் அதுக்குள்ள போயிடும். முகவாய நெஞ்சுப் பக்கம் இறக்கி, கப்புல வாய வச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க."

"எச்சில் பண்ணியா?" என்றாள் மனைவி. அவள் என்ன கேட்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். விழுங்க முடியாதவர்களுக்குத் தண்ணீர்தான் சுலபம் என்று நான் நினைத்திருந்தேன். அது தலைகீழாம். தண்ணீராக ஓடுவதுதான் ஆபத்து, தொண்டை சுதாரிப்பதற்குள் போய்விடும். காபியில் ஒரு பொடியைக் கலந்து கூழ் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மயிலாப்பூரில், எங்கள் வீட்டில், காபியைக் கூழாக்கு என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறாள், நான் அவளை வாசல் வரைக்கும் போய் வழியனுப்புகிறேன்.

கூழையாவது மனைவி ஒப்புக்கொண்டாள். டம்ளரில் வாய் வைப்பதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் கை மேலே போகும், தலை பின்னால் சாயும், இருமல் வரும். முகம் நீலம் பாரித்துவிடும். ஒருநாள் நான் கத்தியே விட்டேன்.

"ஏண்டி, ஆசாரம் முக்கியமா, உசிரு முக்கியமா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள். "ஆசாரமெல்லாம் இல்லே. கை தானா மேல போறது."

நான் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு மகள் வீட்டார் வருவதற்கு முன் மனைவியே கூப்பிட்டாள். "மாப்ளை கப்பை எடுத்துண்டு வாங்கோ." கொண்டுவந்தேன், காபிக் கூழை அதில் ஊற்றினேன். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ" என்றாள். காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் உறிஞ்சும் சத்தம் கேட்டது, இருமல் கேட்கவில்லை. குடித்து முடித்ததும் என்னிடம் கொடுக்காமல் தானே எழுந்து போய்க் கப்பைக் கழுவினாள்.

அதன்பிறகு என் சமையலிலிருந்து ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. மெதுவடையின் மொறுமொறுப்பு தொண்டையில் குத்தியது. ரவா தோசை பொடிப்பொடியாகச் சிதறி இருமல் கொடுத்தது. பூரி போயிற்று. இட்லி மெத்தென்றுதானே இருக்கிறது என்று நம்பிக் கொடுத்தேன், அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. நானும் விடவில்லை. மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டேன், பொங்கலைக் குழையக் குழைய வேகவைத்தேன், நெய்யை இன்னும் கூட்டினேன். எடை குறையக் கூடாது என்று டாக்டர் சொன்னதை எனக்குக் கிடைத்த உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். நெய்யால் ஒரு நோயை ஜெயித்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியில் எல்லாமே மிக்ஸிக்குப் போயிற்று. அடையைச் சுட்டு, வெண்ணெயும் அவியலும் சேர்த்து, மிக்ஸியில் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவள் ஸ்பூனால் கிளறிப் பார்த்தாள்.

"என்னன்னா இது, செவுத்துல பூசறதுக்கா?"

மகள் சிரித்தாள், மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரித்தேன். அவளும் சிரிக்கப் போனாள், அது மூக்கு வழியாக ஒரு சத்தமாக வந்தது. பிறகு சாப்பிட்டாள். ஒரு ஸ்பூன், இரண்டு முறை விழுங்கல், ஒரு செருமல், அடுத்த ஸ்பூன். நாங்கள் எல்லோரும் எங்கள் அடையைத் தின்று முடித்து, தட்டு காய்ந்து, கை காய்ந்து உட்கார்ந்திருந்தோம். அந்தக் கிண்ணம் பாதிகூடக் குறையவில்லை. அவள் சொன்ன கடைசி வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளில் அவள் பேசுவது எங்கள் யாருக்கும் புரியவில்லை, போனில் டைப் செய்து காட்ட ஆரம்பித்தாள்.

ரவிக்கைகள் தொளதொளத்தன. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் படுத்தாள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம், நுரையீரல் தெம்பாக இருக்கும்போதே செய்வது நல்லது என்றார் டாக்டர். மகள்தான் அம்மா காலடியில் உட்கார்ந்துகொண்டு கெஞ்சினாள். "போட்டுக்கோம்மா. பசியோட இருக்காதேம்மா, எனக்குப் பாக்க முடியலை."

மனைவி டைப் செய்து காட்டினாள். "சரி. இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை போகட்டும்."

வீட்டுக்கு அழைத்துவந்து அந்த ஞாயிறு வெண்பொங்கல் வைத்தேன். கஞ்சி போல இளக்கி, வடிகட்டி, தளர்வாக. கடைசிச் சாப்பாடு என்றால் அதில் ஏதோ நிறைவு இருக்கும் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவதில் இருமல் வந்தது, நிற்கவே இல்லை. மகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் சிங்க்கில் கொட்டினேன். அவ்வளவுதான், இத்தனை வருஷத்துச் சாப்பாடு அங்கே முடிந்தது.

குழாய் வந்த பிறகு டப்பாப் பொடியைத் தண்ணீரில் கலக்கி சிரிஞ்ச் வழியாக விடுகிறோம். வெனிலா வாசனை என்று டப்பாவில் போட்டிருக்கிறது, நேராக வயிற்றுக்குப் போகிறதற்கு வெனிலா எதற்கு? நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்தினேன். அவள் முன்னால் சமைத்துச் சாப்பிடுவது பாவம் என்று தோன்றியது. மகள் தன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். நான் சமையலறையில் நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றேன்.

ஒரு ஞாயிறு மனைவி போனை நீட்டினாள். "இன்னிக்கு என்ன டிபன்?"

"ரவா தோசை" என்றேன்.

"பொய். வாசனையே வரலை."

அவள் மறுபடியும் டைப் செய்தாள். "பண்ணுங்கோ. வாசனையாவது பாக்கறேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாட வீதிக்கு ஓடி வெண்ணெய் வாங்கிவந்தேன். முருங்கை இலை போட்டு உருக்கினேன், அந்த மணம் மாடிப்படி வரைக்கும் போயிருக்கும். மகளைப் போனில் கூப்பிட்டேன், மாப்பிள்ளை ஊரில் இல்லை, அவள் மட்டும் வந்தாள். மனைவியின் நாற்காலியைச் சமையலறை வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்து போட்டோம். ரவா தோசை மாவைக் கல்லில் மெல்லிசாகத் தெளித்து ஊற்றி, ஓரம் முழுக்க நெய் விட்டேன். கல் சீறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள், முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். இனிமேல் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு என்று நாங்கள் இருவருமே நினைத்துவிட்டோம்.

முதலில் மனைவியின் முகவாய் நனைந்தது. மகள் துண்டால் துடைத்தாள். மறுபடி நனைந்தது. தொண்டையில் கொரகொரவென்று ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு வாயில் ஊறிக்கொண்டே இருந்தது, பசித்தவர்கள் யாருக்கும் நெய்த் தோசை வாசனைக்கு ஊறுகிற மாதிரி. அதை அவளால் விழுங்க முடியவில்லை. கண் விரிந்தது, கை நாற்காலியை அடித்தது. எச்சிலை உறிஞ்சி எடுக்க வாங்கி வைத்திருந்த மெஷினை இழுத்துவந்து அதன் குழாயை அவள் வாய்க்குள் விட்டேன். என் விரலெல்லாம் நெய். அந்த விரல் அவள் மூக்குக்கு நேராக இருந்தது, உறிஞ்ச உறிஞ்ச மேலும் ஊறியது. மகள்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைச் சுழலவிட்டு, "அப்பா, நீ தள்ளிக்கோ, நீ கையை அலம்பிண்டு வா" என்று கத்தி என்னை விலக்கினாள்.

மறுநாள் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். "வாசனை வந்தா எல்லாருக்கும் ஊறத்தான் சார் செய்யும். நாம தெரியாமலே முழுங்கிடறோம். ஆன்ட்டியால முடியாது. கொஞ்ச நாளைக்கு வீட்ல தாளிக்க வேணாம் சார்." கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் எதுவும் தாளிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்போது நான் இரண்டு தெரு தள்ளி ஒரு மெஸ்ஸுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிடுகிறேன். நெய்யெல்லாம் விட்டுத்தான் போடுகிறார்கள். சீக்கிரம் முடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றி, பல் தேய்த்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு அலம்பிக்கொண்டுதான் அவள் அறைக்குள் போவேன். அவள் இப்போது டைப் செய்வதில்லை, விரலுக்கு அவ்வளவு பலம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையை மெதுவாகத் தன் பக்கம் இழுக்கப் பார்ப்பாள். நானே தூக்கி அவள் முகத்தருகே வைப்பேன். முகர்ந்து பார்ப்பாள். சோப்பு வாசனைதான் வரும். கையை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.