நடுவில் இல்லாத பாய்லர்

சென்ற வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மரம் ஏற்றிய லாரி ஒன்று நெரிசலில் மாட்டிக்கொண்டு என் மூக்குக்கு நேராக வந்து நின்றது. மழையில் நனைந்த தேக்கு. அந்த வாசனையில் எனக்குக் காடு நினைவுக்கு வரவில்லை. சூடான எண்ணெயும் நீராவியும்தான் வந்தன. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

"பெரியவரே, ஏறுறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?" என்றார் கண்டக்டர்.

வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐம்பது வருஷத்துக்கு முந்தையதை.

அப்போது பாலக்கரைப் பக்கம் பெரிய தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. மேற்கு மலையில் மரம் வெட்டும் ஒரு கம்பெனி அதை எடுத்திருந்தது. வெட்டிய மரங்களை இழுத்து வரக் காட்டுக்குள் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதில் ஓட்டுவதற்கு வெளிதேசத்தில் பழைய எஞ்சின் ஒன்றை வாங்க, அது கழற்றப்பட்டுப் பெட்டி பெட்டியாகத் திருச்சியில் வந்து இறங்கியது. பூட்டி, ஓட்டிப் பார்த்து, மலைக்கு அனுப்புவது எங்கள் வேலை. எங்கள் என்றால், சென்னையில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்த நான், பிட்டர் சவரிமுத்து, பத்துப் பன்னிரண்டு ஆட்கள், எல்லோருக்கும் மேலே ஒரு துரை. வரைபடம் பின்னால் தபாலில் வரும் என்றார்கள்.

அந்தப் பெட்டிகளைத் திறந்த நாட்களின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பலகையாகப் பெயர்க்கும்போதும் உள்ளே என்ன இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாங்கள் பார்த்திருந்த எஞ்சின்களில் சிலிண்டர்கள் சக்கரத்தின் பக்கத்தில் படுத்திருக்கும். இதிலோ மூன்று சிலிண்டர்களும் வலப்பக்கமாக நெட்டுக்குத்தாக நின்றன, உரலில் உலக்கை போடும் மூன்று பேரைப் போல. அங்கிருந்து ஒரு நீளத் தண்டு ஓடி, எல்லாச் சக்கரத்தையும் பல்சக்கரத்தால் சுழற்றும். செங்குத்தான மேட்டில் பாரம் இழுப்பதற்கென்றே செய்த எஞ்சின்.

வரைபடம் இல்லாமலே சவரிமுத்து அதைப் பூட்டினார். ஒவ்வொரு துளையையும் விரலால் தடவி, தேய்ந்த தடத்தைப் பார்த்து, "இது இங்கதான் குடித்தனம் பண்ணியிருக்கு" என்பார். இருபது நாளில் எஞ்சின் எழுந்து நின்றது.

நான் தூக்குக் குண்டும் நூலுமாகப் போனேன். நூல் பிடித்துப் பார்த்தால் பாய்லர் நடுவில் இல்லை. இடப்பக்கம் நன்றாகவே தள்ளி உட்கார்ந்திருந்தது.

"சவரி, பாய்லர் கோணலா இருக்கே?"

"ஓட்டை இருக்கற எடத்துலதானே சாமி போல்ட்டு போகும்? நானா தொளைச்சேன்?"

பின்னாலிருந்து சம்மட்டி அடிப்பவர் ஒருவர், "நாமம் நடுவுல இருக்கற மாதிரி பாய்லரும் நடுவுல இருக்கணுங்கிறாரு சாமி" என்றார். கொட்டகையே சிரித்தது. சவரிமுத்தும் சிரித்தார்.

தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, நெற்றியில் திருமண் ஒரு நூல் விலகினாலும் அழித்துவிட்டு மறுபடி இட்டுக்கொள்கிறவன் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. பிட்டர் கவனக்குறைவாகப் பூட்டியிருக்கிறார் என்று துரைக்கு எழுதிக் கொடுத்தேன். அன்று மத்தியானமே சவரிமுத்துவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அவர் தன் ஸ்பானர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு, எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் வரைபடம் வந்தது. பாய்லர் இடப்பக்கம் தள்ளித்தான் வரையப்பட்டிருந்தது. மூன்று சிலிண்டரும் வலப்பக்கம் தொங்கும்போது எடைக்கு எடை ஈடு வேண்டாமா? படித்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

பாய்லர் என்னவாயிற்று என்று துரை கேட்டார். "இப்போது எல்லாம் வரைபடத்தின்படி இருக்கிறது" என்றேன். பொய் இல்லை; சவரிமுத்து பூட்டிய பிறகு பாய்லரை யாரும் தொடவே இல்லை. நான்தான் சரி செய்தேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். சம்மட்டிக்காரர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். வீட்டில் அம்மா, "கோணல் எஞ்சினை நிமித்திட்டானாம் எங்காத்துப் பிள்ளை, எல்லாம் பெருமாள் அனுக்ரஹம்" என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதி முழுக்கச் சொன்னாள்.

ஓட்டிப் பார்த்த நாளை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது, வெட்கமில்லாமல். கொட்டகைக்குப் பின்னால் மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தோம். நீராவியைத் திறந்ததும் தடதடவென்று மெயில் வண்டி பாய்ந்து வருவது போன்ற சத்தம். வேலி ஓரம் நின்ற கூட்டம் அலறி ஓடிற்று. ஒரு பூக்காரம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் எஞ்சின் மாடு நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது! சத்தம் அத்தனை, வேகம் இத்தனை. ஓடியவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து அதன் கூடவே நடந்தார்கள். பின்னால் நிறைய மரக்கட்டைகளை மாட்டியிருந்தோம். ஒரு சக்கரம் வழுக்கவில்லை. மேட்டின் உச்சியில் நின்று ஊதியது. நான் தொப்பியைக் கழற்றி வீசினேன். பூட்டியவர் மட்டும் அங்கே இல்லை.

யுத்தம் முடிந்தபின் ஒருநாள் திருச்சி ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். மணப்பாறையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"சாமி, அது மேடு ஏறுச்சா?"

"ஏறித்து சவரி. ஜோரா ஏறித்து."

அவர் முகம் மலர்ந்தது. "அன்னைக்கு எனக்குக் கோவந்தான். அப்புறம் நீங்க சரி பண்ணீங்கன்னு கேள்விப்பட்டேன். இல்லேன்னா கவுந்திருக்கும், இல்லீங்களா?"

வண்டி புறப்பட முழுசாகப் பத்து நிமிஷம் இருந்தது. நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

மலையில் இப்போது தண்டவாளம் இல்லை. இழுத்து வர மரமும் அவ்வளவாக இல்லை. எஞ்சினைப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். இதையெல்லாம் பார்த்த பிறகுதான், சொல்லிவிட வேண்டும் என்று மணப்பாறைக்குப் போனேன். கடையில் அவர் மகன் இருந்தார். அப்பா போய் ஆறு மாதம் என்றார். நான் யாரென்று சொன்னதும், "ஒரு எஞ்சினைத் தப்பா பூட்டிட்டேன்னு அப்பா அடிக்கடி சொல்வாருங்க" என்றார்.

"தப்பா பூட்டலப்பா. சரியாத்தான் பூட்டினார். எனக்கு நாலாம் நாளே தெரியும்" என்றேன்.

அவர் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார்.

"அவருகிட்ட சொல்லியிருக்கலாமேங்க" என்றார்.