பழைய முகத்தைத் திருப்பிக் கேட்டவர்கள்

முகத்தில் களிம்பு பூசித் தோலை உரிக்கிற டாக்டரிடம் வேலை பார்ப்பவனுக்குப் பூசுவதற்கு முன்னால் பேசுவதும், உரிந்த பின்னால் வசவு கேட்பதும்தான் தொழில். கல்லாவுக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லாருக்கும் இது புரியும். புத்தூரில் அப்படி ஒரு டாக்டரிடம் நான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். ஜட்கா ஓட்டிய என் அப்பா, வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் "பையன் டாக்டர்கிட்ட இருக்கான்" என்று சொல்லிவிட்டிருந்தார். டாக்டரோ, கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்றிருந்தார்.

உறையூர் வியாபாரி

இது நான் பார்த்ததல்ல, கம்பவுண்டர் சொல்லிக் கேட்டது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் நோயாளிகளிடம் எதையும் விளக்க மாட்டாராம். பரு வடுவுக்காக வந்த ஒரு ஜவுளி வியாபாரியை, களிம்பு பூசியதும் சிரித்தபடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் தோல் பழுப்பேறி, வாழைச் சருகு மாதிரி இறுகியது. பிறகு வாயோரத்தில் வெடித்துக் கன்னத்தில் தொங்க ஆரம்பித்தது. அப்படி ஆவதற்குத்தான் மருந்தே. ஆனால் அதை வியாபாரியிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் உறவினர்களைத் திரட்டிக்கொண்டு வந்து இறங்கியதும், என் முன்னவர் கொல்லை வழியாகப் போனவர்தான், திரும்பவில்லை. அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. வியாபாரி வாசலில் நின்று கத்தியதைக் கம்பவுண்டர் நடித்தே காட்டுவார்: "புது மூஞ்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் பழைய மூஞ்சியக் குடுங்கய்யா, போயிடறேன்!"

சாதுவான மங்கு

ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்த மங்குக்காகத் திருவானைக்காவலிலிருந்து ஒரு டீச்சர் அம்மா வந்தார். "பூசும்போது எரியும். தோல் கறுக்கும், இறுகும். சிரிச்சா வெடிக்கும். தானா உதிர்ற வரைக்கும் பிய்க்கக் கூடாது, பிய்ச்சா தழும்பு விழும். சோப்பு, எண்ணெய், மஞ்சள் எதுவும் கூடாது. வெயில்ல போனா முன்னைவிட அதிகமாக் கறுக்கும். மங்கு குறையும், அடியோட போயிடும்னு சொல்ல முடியாது" என்றேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றதப் பார்த்தா, தம்பி, மங்கு ரொம்ப சாதுவாத் தெரியுது. அதுவே இருந்துட்டுப் போகட்டும்."

கணக்கு வாத்தியார்

உள்ளேயிருந்து இதைக் கேட்ட டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இன்னொருத்தர் எழுந்து போனாலும் சரி, சண்டைக்கு வந்தாலும் சரி, அன்னிக்கே நீ ஊருக்குப் போகலாம். பேச்சுல 'கொஞ்சம்'னு சேர்த்துக்கப்பா" என்றார். எனக்கு உறுத்தியது. ஆனாலும் அடுத்து வந்த காலேஜ் வாத்தியாரிடம், கொஞ்சம் எரியும், கொஞ்சம் உரியும் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

களிம்பு பட்டதும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பனை விசிறியால் வேகமாக வீசினேன். அவர் பிடித்த பிடியில் நாற்காலி முனகியது. எரிச்சல் அடங்கியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் கணக்கு சொல்லித் தர்றவன் தம்பி. நீங்க சொன்ன அந்தக் 'கொஞ்சம்' எந்த வாய்ப்பாட்டுல வருது?"

நாமத்தைச் சுற்றி

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஐயங்கார் வந்தார். கோயிலில் பாராயணம் செய்பவர். முகம் முழுக்கக் கரும்படை. இந்த முறை 'கொஞ்ச'த்தை விட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். எரிச்சலுக்கும் உரிவதற்கும் அவர் அஞ்சவில்லை. நெற்றியைக் கழுவ வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார். "திருமண் இல்லாத நெத்தியோட அடியேன் காவேரிய தாண்டினதே கிடையாது!" டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. நாமத்தை அப்படியே விட்டுச் சுற்றிலும் பூசினார். "சார், அந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றுவிடுமே" என்றேன். "தெரியும், பேசாம இரு" என்றார்.

சில வாரம் கழித்து ஐயங்கார் ஜட்காவில் வந்து இறங்கினார். முகம் தெளிந்திருந்தது. நெற்றியில் மட்டும் கரிய நாமம் ஒன்று, எழுதி வைத்தாற்போல. பின்னாலேயே இரண்டு மைத்துனர்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கொல்லைக் கதவைப் பார்த்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஐயங்கார் கைகூப்பினார். "இத்தனை வருஷமா கண்ணாடி வெச்சுண்டும் கோணலாத்தான் இட்டுண்டேன். இப்போ கோடு தானா இருக்கு, மேல தடவினா போறும். இவாளுக்கும் இதே மாதிரி சுத்திப் பூசிவிடுங்கோ!"

அன்று மாலையே வேலை நிரந்தரமாயிற்று. அதன்பின் டாக்டரின் தடித்த மருத்துவப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தேன்: இந்தக் களிம்பு பட்ட தோல் என்னவெல்லாம் செய்யும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, தோலுக்குச் சொந்தக்காரர் என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை.