மரகதம் மேடம் வைத்த வால்வு

வியாழக்கிழமை காலை மல்லேஸ்வரம் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மரகதம் மேடம் போய்விட்டார். எடுத்த கீரைக்கட்டை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

இன்ஜினியர் மரகதத்திடம் திட்டு வாங்காதவர் எங்கள் குடிநீர் வாரிய ஆபீஸில் யாருமில்லை. நான் அதிகமாக வாங்கினேன். படம் வரைகிறவன் அல்லவா, எல்லாப் பிழையும் என் தலையில்தான் விடியும்.

மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து தூரத்து நகரங்களுக்குக் நாங்கள் குழாய் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அணைக்கு நேர் கீழே ஒரு சிற்றூர். தலைக்கு மேல் அவ்வளவு தண்ணீர், வீட்டில் ஒரு குடம் கிடையாது. கோடையில் அந்தப் பெண்கள் ஓடையைத் தேடி மைல்கணக்கில் நடந்தார்கள். ஊருக்கும் தண்ணீர் கேட்டு மேடம் மூன்று முறை எழுதினார். திட்டம் நகரங்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் என் மேசைக்கு வந்தார். குழாயில் தங்கும் சேற்றை மாதாமாதம் கழுவி வெளியே விட, பள்ளமான இடத்தில் வாஷவுட் வால்வு வைப்பது விதி. அங்கே பள்ளங்கள் இரண்டு. ஒன்று பாறைப் பக்கம், மற்றது ஊரின் வறண்ட குளத்துப் பக்கம். அவர் குளத்துப் பக்கம் விரலை வைத்து, வால்வுக்கு அடையாளமான வட்டத்தை அங்கே போடச் சொன்னார். கேள்வி வந்தால் இருவர் வேலையும் போய்விடுமே என்று எனக்கு உதறல்.

“ஏன்யா கை நடுங்குது? வட்டம்தானே போடச் சொன்னேன், பாம் வெக்கவா சொன்னேன்?”

கேள்வி வந்தது. பெரிய அதிகாரி படத்தைத் தட்டிக் காட்டி, ஏன் குளம் என்றார். மேடம் அசரவில்லை.

“பாறைல விட்டா தண்ணி கீழ இருக்கற ரோட்டை அரிச்சுடும் சார். குளத்துல விடக்கூடாதுன்னு ரூல் இருந்தா காட்டுங்க, நானே மாத்திடறேன்.”

அதிகாரி விதிப்புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் வால்வைத் திறந்தபோது செம்மண் நிறத்தில் சீறி வந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது. ஊரே குளக்கரையில் நின்றது. மேடம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று சிரித்தார். அந்தக் கோடையில் குளத்தை ஒட்டிய கிணறு வற்றவில்லை. அடுத்து வந்த அதிகாரி, குளம்வரை வந்த தண்ணீர் வீட்டுக்கு வரக்கூடாதா என்று கேட்டு, வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஆஸ்டின் டவுனில் எனக்கு முன்பே அந்த ஊர்ப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். நீங்கள் யார் என்று ஒருத்தி கேட்டாள். படம் வரைந்தவன் என்றேன். கூட்டம் விலகி, மேடத்தின் தலைமாட்டில் எனக்கு இடம் விட்டது.

ஆயிரம் படம் வரைந்திருப்பேன். கை நடுங்கிப் போட்ட அந்த ஒரு வட்டம் எனக்குப் போதும்.