ஞாயிறு மதிய நோயாளி

என் மனைவி நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். எழுத்திலும் வாசிப்பிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவள் பேச்சில் கோட்டைவிட்டாள். நோயாளியாக நடித்த தேர்வுக்காரப் பெண் அழுவதுபோல் பாவனை செய்ததும் இவளுக்குத் தேர்வு மறந்துவிட்டது. தான் வேலைபார்க்கும் மெடிக்கல் காலேஜ் வார்டில் ஒரு மலையாளி நோயாளி முன் நிற்பதாக நினைத்து, "கரயல்லே மோளே" என்று மலையாளத்தில் தேற்றியிருக்கிறாள். அழாதே மகளே! இதற்கு மதிப்பெண் போடாதவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

இரண்டாம் முறைக்கு அவளைத் தயார்செய்யும் வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. என் ஆங்கிலம் பம்பாய் கம்பெனிக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டும் அளவுக்கு வரும். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இணையத்தில் பாடம் தேடினேன்.

தேடினால் கொட்டுகிறது. ஆனால் பாதி வீடியோக்களில் வாத்தியார் தன் புகழ் பாடி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு வாடிக்கையாளர் வந்து போய்விடுவார்கள். மீதியில் வரும் நோயாளிகள் பரம சாதுக்கள். மாத்திரை என்றால் சரி, ஊசி என்றால் சரி, நன்றி சொல்லி எழுந்து போகிறார்கள். அப்படி ஒரு மனிதர் என் கடைக்கு இன்றுவரை வந்ததில்லை. ஒரு கதவுக் கீல் வாங்க வருகிறவர்கூட அது துருப்பிடிக்குமா, போன தடவை வாங்கியது ஏன் கிரீச்சிடுகிறது என்று என் உயிரை வாங்காமல் போகமாட்டார்.

கடைசியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இலவசமாக நடத்தும் தளம் அகப்பட்டது. விளம்பரம் இல்லை, பகட்டு இல்லை. என்ன கேட்க வேண்டும் என்று நர்ஸுக்கு ஓர் அட்டை, என்ன நோய் என்று நோயாளிக்கு ஓர் அட்டை, நடுவில் அந்த அம்மாளின் நிதானமான குரல். 'நோயாளியாக நடிப்பவர் சுலபத்தில் ஒத்துக்கொள்ளக் கூடாது' என்று எழுதியிருந்தார். உலகம் தெரிந்தவர் என்று அப்போதே மரியாதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் கட்டிலில் படுத்து நோயாளியாவேன். என் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இறக்கினேன். பேரம் பேசும் சர்க்கரை நோயாளி, எதையும் நம்பாத ரத்த அழுத்தக்காரர். நான் கொஞ்சம் முனகினால் போதும், அவள் ஆங்கிலத்திலிருந்து நழுவிவிடுவாள்.

"மறுபடியும் தமிழா?" என்பேன்.

"நீங்க அப்படி முனகினா நான் என்ன செய்ய? சும்மா சிரிக்காண்டாம், கேட்டேளா."

வலியசாலை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அவள் முதலில் போவது, கடைக்கு ஒரு வழி செய்துவிட்டு நான் பின்னால் போவது என்று ஏற்பாடு. எப்போது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு வந்த அட்டையில், நோயாளி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். மறுநாள் வீட்டுக்குப் போகிறார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டில் உங்களோடு யார் இருப்பார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வம்புக்கார நோயாளி ஒருவரை நான் தயாராக வைத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. "நோபடி" என்றேன். குரல் என்னுடையதாக இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

அவளுக்கு அது நடிப்பில்லை என்று தெரிந்துவிட்டது. அட்டையை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள், ஆங்கிலத்தில். என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கடை பூட்டி வந்தால் வீட்டில் விளக்கு எரியாது. தனியாகச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பயம் வருவது இயல்புதான் என்றாள். தினமும் கூப்பிட்டு விசாரிக்க ஒருவர் இருப்பார், எழுந்து நடக்கும்வரை ஒவ்வொரு வாரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. குரல் நடுங்கவில்லை. ஒரு வார்த்தையாவது தமிழில் சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

சொல்லவில்லை. கடைசிவரை ஆங்கிலத்திலேயே பேசி முடித்தாள். இந்தத் தடவை தேறிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.